நாங்கள் கழுவிய கல்

எங்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இருநூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். காலையில் தாமரைப்பூ படத்தோடு வணக்கம் சொல்வார்கள். கோபுரத்துக்குப் பின்னால் சூரியன் எழும் படம் போட்டு, 'நம் ஊர், நம் பெருமை' என்பார்கள். அதற்குக் கீழே கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வந்து நிற்கும். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு கூட்டத்துக்கு வருகிறவர்கள் நாலு பேர். மழை பெய்தால் மூன்று. அந்த மூன்றில் ஒருவர், கீழே பித்தளைச் சாமான் கடை வைத்திருக்கும் பாய்; கூட்டம் நடப்பது அவர் கடை மாடியில்தான், படியேறி வந்தால் போதும். இன்னொருவர் தலைவர், கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர்; தலைவர் வராமல் இருக்க முடியாது. மூன்றாவது ஆள் செயலாளர். அது நான்.

வரலாற்று ஆர்வத்தால் சங்கத்தில் சேர்ந்தேன் என்று சொன்னால் அது பொய். நில அளவைத் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் சங்கிலியும் டேப்பும் பிடித்துவிட்டு ஓய்வு பெற்றேன். அடுத்த வருடமே மனைவி போய்ச் சேர்ந்தாள். மகள் கனடாவில். அவளுக்குப் பொழுது விடியும்போது எனக்குத் தூக்கம் வரும். வீட்டில் நான், ஒரு மிக்சி, இரண்டு பேருக்கான சாப்பாட்டு மேஜை. ஒரு நாள் சாயங்காலம் காய்கறி வண்டிக்காரரிடம் கத்தரிக்காய் கேட்க வாயைத் திறந்தேன். குரல் கரகரத்து வரவே இல்லை. காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நடுத்தெருவில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டேன். அவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

அந்த வாரம்தான் பாய் கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். ஊர் வரலாற்றில் ஆர்வமுள்ளோர் ஞாயிறு பத்து மணிக்கு மாடிக்கு வரலாம் என்று எழுதியிருந்தது. மாடியில் நாற்காலிகள் இருக்கும், யாராவது உட்கார்ந்திருப்பார்கள் என்பதுதான் என் கண்ணுக்குப் பட்டது. முகம் மழித்துக்கொண்டு போனேன். ஆறு மாதத்தில் செயலாளர் ஆனேன். போட்டியிட யாரும் இல்லை. சேர்ந்த ஜோரில் சங்கத்துக்கு விதிமுறைகள் எழுதிக் கொடுத்தேன். எந்தத் தீர்மானமும் நிறைவேற ஐந்து பேராவது கூட்டத்தில் இருக்க வேண்டும் என்பது நான் எழுதியதுதான். அரசு வேலை பார்த்தவன் கையெழுத்து, லேசில் அழியாது.

மக்களை ஈடுபடுத்த வேண்டும் என்று தலைவர் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். கேட்பதற்கு மக்கள் இல்லாத அறையில் சொல்வார். பழைய கோயில் பார்க்கப் பக்கத்துக் கிராமமான கூரத்துக்கு ஒரு நடை அழைத்துப் போனோம். பதினைந்து பேர் வருகிறோம் என்றார்கள், ஐந்து பேர் வந்தார்கள், அதில் இரண்டு பேர் வேனில் இடம் இருக்கிறது என்பதற்காக வந்த வேன் டிரைவரின் உறவுக்காரர்கள். திருமுக்கூடலுக்குப் போனபோது, சுவர் நிறையக் கிடந்த கல்வெட்டை நான் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் எல்லாரும் ஆற்றங்கரையில் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. பாய் மட்டும் என் பக்கத்தில் நின்றுகொண்டு, "நீங்க சொல்லுங்க சார், நான் கேக்குறேன்ல" என்றார். அவருக்கும் பசி என்பது முகத்தில் தெரிந்தது.

அப்புறம்தான் தெருவுக்கு ஒரு பலகை என்ற யோசனை வந்தது. பெரிய கோயில்களுக்குப் பலகை வைக்க ஆள் இருக்கிறது. ஒவ்வொரு தெருவிலும் பழைய கிணறோ கல்லோ மரமோ இருக்குமே, அதைத் தெருக்காரர்களே படம் எடுத்து அனுப்பட்டும், நாங்கள் போய்ப் பார்த்து, விசாரித்து, நிஜமானதற்கு ஒரு சின்னப் பலகை அடிப்போம் என்று முடிவு செய்தோம். குழுவில் போட்டதும் படங்கள் கொட்டின. அதில் ஒன்று, நெசவாளர் தெரு ஒன்றின் மூலையில் நின்ற ஒரு கல். இடுப்பு உயரம். மஞ்சள், குங்குமம், எண்ணெய் எல்லாம் ஏறிக் கறுத்து, கழுத்தில் பூச்சரம். 'எங்கள் தெரு அம்மன், மிகப் பழமை' என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். தெருவின் பெயரை இங்கே நான் எழுதப் போவதில்லை. ஏன் என்பது படித்து முடிக்கும்போது தெரியும்.

கற்களைப் பற்றி எனக்கு ஒரு திமிர் உண்டு. என் உத்தியோகமே கல் நடுகிற உத்தியோகம். ஒரு கிராமத்தில் நானே நின்று நட்ட சர்வே கல்லை, பத்து வருடம் கழித்து மறு அளவைக்குப் போனபோது தேடினேன். அதற்குச் சிவப்புப் பாவாடை கட்டி, மணி தொங்கவிட்டு, பக்கத்தில் உண்டியலும் வைத்திருந்தார்கள். சுயம்பு சார், தானா முளைச்சது என்று ஊர்க்காரர் என்னிடமே சொன்னார். இந்தக் கதையைக் கூட்டத்தில் நான் நாலு தடவையாவது சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் எல்லாரும் சிரித்தார்கள், அல்லது சிரித்து வைத்தார்கள்.

முதல் தடவை அந்தத் தெருவுக்குப் போனது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். கல்லுக்கு நேர் எதிரே ஒற்றை அறை வீடு. அதன் வாசலில் ஐம்பதைத் தொட்ட ஒரு பெண்மணி ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். தறியில் குறுக்கே ஓடும் இழைக்கான நூலைக் குச்சியில் சுற்றுகிற வேலை. நெற்றியில் வெறும் திருநீறு. என்னைப் பார்த்ததும் ராட்டையை நிறுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். நீலப் பிளாஸ்டிக் நாற்காலி, உடைந்த காலைப் பட்டுக் கழிவு நூலால் சுற்றிக் கட்டியிருந்தாள்.

"உக்காருங்கண்ணே. அம்மன பாக்க வந்தீங்களா? கால அழுத்தி வைக்காதீங்க, சாஞ்சிடும்."

நாற்காலியைத்தான் சொன்னாள். உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் அங்கே இருந்தேன், நோட்டுப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய பெண்கள் முதுகுப் பையோடு கல்லுக்கு முன்னால் நின்று கண்ணை மூடினார்கள். பிறகு அவளிடம் வந்து குங்குமம் எடுத்துக்கொண்டு, ஷிப்டில் சூப்பர்வைசர் கத்தியதைச் சொன்னார்கள். மருமகளோடு சண்டை போட்டுவிட்டு வந்த ஒருத்தி வாசல் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாள். தெலுங்கு பேசுகிற வீட்டுப் பெண் ஒருத்தி சுண்டல் கிண்ணத்தை நீட்டி, "தீஸ்கோக்கா" என்றாள். அந்தப் பெண்மணி ஒவ்வொருத்தி பெயரும் தெரிந்து, ஒவ்வொருத்தி விஷயமும் தெரிந்து, போன வாரம் விட்ட இடத்திலிருந்து பேச்சை எடுத்தாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. என் வீட்டு மணியைக் கடைசியாக அடித்தவர் கேஸ் சிலிண்டர் போட வந்தவர்.

ஆகவே எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நான் சொல்ல முடியாது. அந்தக் கல்தான் அவளுக்கு மனுஷ வாடை. அது போனால் அவளுக்கு யாரும் இல்லை. முதல் நாளே அதைக் கண்ணால் பார்த்தேன்.

கிளம்பும்போது, "எத்தனை வருஷமாம்மா இந்த அம்மன் இருக்குது?" என்று கேட்டேன்.

"காப்பி குடிச்சிட்டு போங்கண்ணே" என்று உள்ளே போய்விட்டாள்.

பூச்சரத்தை லேசாக நகர்த்திப் பார்த்தேன். கழுத்து என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்த இடம், சுற்றிலும் தேய்ந்த ஒரு பள்ளம். உளியில் வெட்டினால் இப்படி வழுவழுப்பாக வராது. வருடக்கணக்காகக் கயிறு அறுத்த தடம். தெருவின் மறுகோடிக்கு ஓடினேன் என்றே சொல்லலாம். சாக்கடை ஓரத்தில் இதே அளவு கல் ஒன்று, பாதி மண்ணுக்குள், மீதிப் பாதியில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அதிலும் அதே பள்ளம். மறுநாள் டேப்போடு போய் அளந்தேன். மூன்று புடவைக்கு உண்டான பாவு நூலை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளை, இழுத்து, இரண்டு பக்கமும் கயிறு விட்டுக் கட்டினால் சரியாகப் பொருந்துகிற தூரம். தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட்டு ஆற்றுவதை இந்த ஊரில் பிறந்தவன் யார்தான் பார்த்ததில்லை? அந்தக் கயிற்றைக் கட்டுகிற கல்தான் இது. அம்மனும் இல்லை, ஆத்தாளும் இல்லை. நிஜமாகவே இந்தத் தெருவின் தொழில் வரலாறு, இடுப்பு உயரத்துக்கு நின்றுகொண்டிருக்கிறது!

அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தது ஞாபகம் இருக்கிறது. சந்தோஷத்தில். சொல்ல ஆள் இல்லாததால் மகளுக்கு நீளமாகக் குரல் பதிவு அனுப்பினேன். அவள் 'சூப்பர்ப்பா' என்று பதில் போட்டாள்.

எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கல்லைக் கழுவ எங்கள் சங்கத்துக்கு ஒரு முறை உண்டு. கம்பி பிரஷ், ஆசிட் எதுவும் கூடாது. சீயக்காய்த் தூள், சூடான தண்ணீர், தேங்காய் நார். பொறுமையாகத் தேய்க்க வேண்டும். தெருக்காரர்களிடம் சொன்னோம், அம்மனுக்கு நல்லது செய்யத்தான் வருகிறார்கள் என்று நினைத்து அவர்களும் சரி என்றார்கள். அந்த ஞாயிறு வந்த கூட்டத்தை எங்கள் சங்கம் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. தெருவே திரண்டது. கேபிள் டிவிக்காரர் வந்தார். மக்கள் ஈடுபட்டார்கள். தலைவர் கண்ணில் தண்ணீர்.

சூடான தண்ணீர் அந்தப் பெண்மணி வீட்டிலிருந்துதான் வந்தது. அண்டா அண்டாவாக அவளே காய்ச்சித் தூக்கிக்கொண்டு வந்தாள். முதல் அண்டாவை வைத்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"கழுவி முடிச்சதும் வெளக்கு ஏத்தலாம்ல, அண்ணே?"

"தாராளமா ஏத்தும்மா, யார் வேணாம்னா?" என்றேன். அவள் சம்மதித்துவிட்டாள் என்று குறித்துக்கொண்டேன். வேறு என்ன செய்திருப்பாள்? அத்தனை பேர் அவள் வாசலில் வந்து நிற்கும்போது, வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனசு வந்திருக்காது.

கறுப்பு போய், மஞ்சள் போய், கல் சாம்பல் நிறத்தில் வெளியே வந்தது. மூக்கு என்று சிலர் கும்பிட்டது வெறும் பிசுக்குத் திட்டு. அது என் கையோடு வந்துவிட்டது. கூட்டத்தில் ஒரு பெண், "அய்யோ, மொகமே இல்லியே" என்றாள். நான் மைக்கைப் பிடித்துக் கயிற்றுத் தடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். நன்றாகப் பேசினேன். கைதட்டினார்கள்.

அடுத்த கூட்டத்துக்குப் பதினோரு பேர் வந்தார்கள். பலகைக்கான வாசகத்தை நான் எழுதிக்கொண்டு போயிருந்தேன். 'பாவு கட்டும் கல். இத்தெரு நெசவாளர்கள் பாவுக் கயிற்றைக் கட்டப் பயன்படுத்தியது. இணைக் கல் தெருவின் மறுமுனையில் உள்ளது. இது தெய்வச் சிலை அன்று.' பாய் வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அவர் மறுத்துப் பேசப் போகிறார் என்பதற்கு அடையாளம்.

"கடைசி வரிய எடுத்துட்டு, இப்ப இந்தத் தெரு ஜனங்க இத கும்புடறாங்கன்னு ஒரு வரி போட்டா இன்னா சார்? அதுவும் நடக்குறதுதானே?"

"பாய், இது வரலாற்றுச் சங்கம். பஜனை மடம் இல்லை" என்றேன்.

பதினோரு பேரும் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். நன்றாக ஒரு போடு போட்டோம் என்று எனக்குப் பெருமை. அவர் சொன்ன வரியை அவர் கண் முன்னாலேயே பேனாவால் அடித்தேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பலகையை நானே போய்க் கல்லுக்குப் பக்கத்துச் சுவரில், எல்லார் கண்ணிலும் படுகிற உயரத்தில், நாலு திருகாணி போட்டு முடுக்கினேன்.

அதன் பிறகு இரண்டு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. அடுத்த தெரு, அடுத்த கிணறு என்று அலைந்துகொண்டிருந்தேன். கூட்டத்துக்குப் பழையபடி நாலு பேர்தான். ஒரு வெள்ளிக்கிழமை திருப்பருத்திக்குன்றம் போய்விட்டுத் திரும்பும்போது, பலகை எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று வண்டியைத் திருப்பினேன்.

பலகை நன்றாக இருந்தது. கல்லின் மேல் யாரோ மோட்டார் சைக்கிளைச் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். ஹெல்மெட் கல்லின் தலையில் கவிழ்த்திருந்தது. கம்பெனி பஸ் வந்தது. பெண்கள் இறங்கினார்கள், போனைப் பார்த்துக்கொண்டே கடந்து போனார்கள். ஒருத்தி மட்டும் பழக்க தோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கி, பலகையைப் பார்த்துவிட்டு, தலைமுடியைச் சரி செய்வதுபோல் இறக்கிக்கொண்டாள். எதிர் வாசலில் ராட்டை ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலி வெளியே இல்லை.

"வாங்கண்ணே" என்றாள். குரல் கரகரத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

அந்தச் செருமல் எனக்குத் தெரியும். காய்கறி வண்டிக்கு முன்னால் நான் செருமியது அது. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. வேலை இருக்கிறது என்று ஏதோ உளறிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

அடுத்த ஞாயிறு கூட்டத்தில், பலகையை எடுத்துவிட வேண்டும் என்றேன். தலைவர் ஆச்சரியப்பட்டார். "உண்மையைத்தானே எழுதியிருக்கோம்? நீங்கதானே கண்டுபிடிச்சீங்க?" என்றார். உண்மைதான், நான்தான் என்றேன். பாய், "எடுக்கக்கூட வேணாம் சார். அந்த ஒரு வரிய மட்டும் மாத்திடலாம்" என்றார். நான் பஜனை மடம் என்று சொன்னதை அவர் அப்போது நினைவுபடுத்தியிருக்கலாம், செய்யவில்லை. மனுஷனுக்கு அவ்வளவு பெருந்தன்மை. ஆனால் இருந்தது மூன்று பேர். தீர்மானத்துக்கு ஐந்து பேர் வேண்டும். விதிமுறைப் புத்தகத்தைத் தலைவர் என் பக்கம் திருப்பி, என் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

குழுவில் எழுதினேன். அவசரம், அடுத்த ஞாயிறு ஐந்து பேர் கட்டாயம் தேவை என்று. முப்பது கைகூப்பும் பொம்மைகள் வந்தன. 'தங்கள் பணி சிறக்க' என்று ஒருவர் ரோஜாப்பூ அனுப்பினார். ஞாயிறு மூன்று பேர். அதற்கடுத்த மாதமும் மூன்று பேர். மூன்று தடவையும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நாற்காலிகளை மடித்து வைத்தோம். நாற்காலி மடிக்கிற சத்தம் அந்த மாடியில் ரொம்பப் பெரிதாகக் கேட்கும்.

கடைசியில் எனக்கு ரோஷம் வந்தது. விதியாவது ஒன்றாவது என்று ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு மத்தியானம் போனேன். பலகைக்கு முன்னால் நின்று முதல் திருகாணியைத் திருகத் தொடங்கினேன். அவள் ராட்டையை நிறுத்தினாள்.

"இன்னாண்ணே பண்றீங்க?"

"எடுத்துடறேம்மா. நான்தான் வச்சேன், நானே எடுத்துடறேன்."

"எடுத்துட்டா மட்டும் வந்துடுவாங்களா? படிச்சவங்க படிச்சிட்டாங்க. உடுங்கண்ணே."

கோபமாகச் சொன்னால்கூடத் தாங்கியிருப்பேன். சாதம் வடிக்க நேரமாயிற்று என்பதுபோல் சொன்னாள். அவள் வாசல் படியில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாமல், உளறினேன். "அது பாவு கட்டுற கல்லுன்னு தெரிஞ்சதும் எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. உங்களுக்கெல்லாம் தெரியாததைக் கண்டுபிடிச்சிட்டேன்னு ஒரு இது."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். ரொம்ப நாள் கழித்துச் சிரிப்பது தெரிந்தது.

"எனக்குத் தெரியாதாண்ணே? எங்க மாமனாரு பாவு கட்டுன கல்லு அது. கல்யாணமாயி வந்த புதுசுல நானே கயிறு புடிச்சிக்கினு நின்னிருக்கேன். இந்தப் பக்கம் நானு, அந்தப் பக்கம் என் ஊட்டுக்காரரு. அத பாத்தவங்கள்ல இப்ப இந்தத் தெருவுல நான் ஒருத்திதான் இருக்கேன்."

தெருவின் மறுகோடிக் கல்லை எட்டிப் பார்த்தேன்.

"அவரு போனப்புறம் ரெண்டு வருசம் இந்தப் படிய யாரும் மிதிக்கல. சண்டெல்லாம் ஒண்ணும் இல்ல. தாலி அறுத்தவள நல்லது கெட்டதுக்குக் கூப்புட மாட்டாங்க, அவ்ளோதான். பொண்ணு பாக்கப் போறவங்க நான் வெளிய உக்காந்திருந்தா நின்னுட்டு, நான் உள்ள போனப்புறம் போவாங்க. நானே ஜாடையா எழுந்து போயிடுவேன். அதுக்கப்புறம் ஒரு ஆடி வெள்ளி. ஊட்டுல அவரு வாங்கிக் குடுத்த குங்குமம் ஒரு டப்பா அப்டியே இருந்துது. எனக்கு எதுக்கு அது? கொட்டவும் மனசு வர்ல. அந்தக் கல்லுல வச்சேன். கூடவே கொஞ்சம் மஞ்சளு, ஒரு வெளக்கு."

ராட்டைச் சக்கரத்தை விரலால் சும்மா சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"மறுநாளு யாரோ பூ வச்சிருந்தாங்க. அடுத்த வெள்ளி ஒருத்தி வந்து, அக்கா வெளக்கு அணைஞ்சிடுச்சி, தீப்பெட்டி இருக்குதான்னு கேட்டா. குடுத்தேன். ஏத்திட்டு, இப்டி உங்க மாதிரியே இந்தப் படியில உக்காந்து, அவ மாமியாரப் பத்தி ஒரு மணி நேரம் பேசிட்டுப் போனா. அன்னிக்கு நைட்டு நான் நல்லா தூங்குனேண்ணே. எங்கிட்ட யாருண்ணே வருவாங்க? அம்மன்கிட்டன்னா வருவாங்க. என் கையால குங்குமம்கூட எடுத்துக்கினாங்க. எந்தப் பொம்பளையும் வேணாம்னு சொல்லல."

என் முப்பது வருட உத்தியோகத்தில் இவ்வளவு சுத்தமான சாட்சியத்தை நான் கேட்டதில்லை. தெய்வம் எப்படி வந்தது, யார் கொண்டுவந்தார், எந்தக் கிழமை, எதற்காக எல்லாம் அதில் இருந்தது. வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் அதை அன்றே பதிவு செய்திருக்க வேண்டும். தெருவுக்குத் தெரிந்தால், சாமி என்று சொல்லி ஏமாற்றினாள் என்பார்கள். நான் நிகழ்ச்சிக் குறிப்பில் ஒரு வரிகூட எழுதவில்லை. கல்லைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டேன் என்று மைக்கில் பேசியவனுக்கு, கழுவிக் கீழே விட்ட அந்தத் தண்ணீரில் என்ன போயிற்று என்பது அன்றுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

திருகாணியைத் திரும்ப முடுக்கிவிட்டு வந்தேன்.

ஒரு வாரம் யோசித்தேன். என் மனைவி சாமி கும்பிடுவாள், நான் பேப்பர் படிப்பேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் பிரிவினை. அவள் போனதிலிருந்து பூஜை அலமாரியை நான் திறந்ததில்லை. அந்த வெள்ளிக்கிழமை திறந்தேன். அவள் கையால் திரித்து வைத்த திரிகள் ஒரு டப்பாவில் அப்படியே இருந்தன. ஒரு சின்ன பித்தளை விளக்கை எடுத்துத் துடைத்தேன். அதை ஒரு கல்யாண நாளுக்கு பாய் கடையில்தான் வாங்கியிருந்தோம். பஸ் நிறுத்தத்தில் அரை முழம் மல்லி வாங்கிக்கொண்டேன். பூக்காரம்மா, "ஊட்டம்மாவுக்கா சார்?" என்றாள். தலையாட்டினேன்.

கம்பெனி பஸ் வருகிற நேரம் பார்த்துத்தான் போனேன். அன்றும் கல்லின் மேல் இருந்த ஹெல்மெட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். பூவைக் கயிற்றுத் தடத்தில் சுற்றினேன். அது நழுவாமல் நிற்க அந்தப் பள்ளம் வசதியாகத்தான் இருந்தது. விளக்கை வைத்து, எண்ணெய் ஊற்றி, திரியைப் போட்டேன். பெண்கள் இறங்கினார்கள். மைக்கில் பேசிய ஆள் என்று அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பேர் நின்று என்னைப் பார்த்தார்கள், பலகையைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு போய்விட்டார்கள். யாரும் கும்பிடவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. அறுபது வயதுக்கு மேல் நடுத்தெருவில் இப்படி நிற்பது சுலபமாக இல்லை, காது சுட்டது.

எதிர் வாசலுக்குப் போனேன்.

"வெளக்கு ஏத்தணும்மா. தீப்பெட்டி இருக்குதா?"

ராட்டை நின்றது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அரை முழம் பூவைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். நான் அவளிடம் என் வீட்டைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. உள்ளே போய்த் தீப்பெட்டியை எடுத்து வந்து நீட்டினாள். நான் வாங்கிய பிறகும் அவள் நகரவில்லை.

"உங்க ஊட்லயும் யாரும் இல்லியாண்ணே?" என்றாள்.

"இல்லம்மா" என்றேன்.

யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. பாயிடம்கூட. அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய், நீல நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மேலே படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

"வெளக்க ஏத்திட்டு வந்து உக்காருங்க. கால மட்டும் அழுத்தி வைக்காதீங்க."